கணக்கு மாஸ்டரின் தையல் மெசின்

பிக்மட்ச், கன்ரீன் ரோல்ஸ், மதிலேறிக் குதித்துப் படம் பார்க்கப் போனது எல்லாவற்றையும் எங்கள் பழைய மாணவர் சங்க மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எங்கள் கணக்கு மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிந்திய சமாதான காலத்தில் ஊருக்குப் போனபோது அவரே இந்தக் கதையைச் சொன்னார். "எழுதுறதெண்டால் நான் செத்தாப்பிறகு எழுது. பேர் போடாதை" என்றும் சொன்னார். இரண்டையும் காப்பாற்றியிருக்கிறேன்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. எங்கள் வகுப்பில் சோனகதெருப் பக்கமிருந்து வரும் முஸ்லிம் பெடியள் ஐந்து பேர். அன்று ஒருவரும் வரவில்லை. புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து முஸ்லிம் சனத்தை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டதும், இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னதும் பள்ளிக்கூடம் விடுவதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நகை, காசு எல்லாம் பறித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். கனபேர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் போய் விழுந்தார்கள்.

மாஸ்டர் அன்று திரிகோணகணிதம் படிப்பித்தார். நாங்களும் எழுதினோம். வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த காலம்.

பிறகு, விட்டுப்போன வீடுகளின் சாமான்கள் மலிவு விலைக்கு விற்பனைக்கு வந்தன. மாஸ்டரின் மூத்த மகள் தையல் பழகிக்கொண்டிருந்தா. அவர் ஒரு கால்மெசின் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய் லாச்சியைத் திறந்தால் உள்ளே ஒரு அளவுக் கொப்பி. ஆட்களின் பெயர், இடுப்பு, நீளம். அதிலே அவருடைய காற்சட்டை அளவும் இருந்தது. யாருடைய கடை என்று தெரிய அதுவே போதும். ஆனால் அவரைக் கொன்றது அந்த எழுத்து. 7 என்ற இலக்கத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. எங்கள் வகுப்பில் அப்படி எழுதுகிறவன் ஒருவன்தான். பள்ளிக்கூடம் விட்டபிறகு தகப்பனுக்குக் கொப்பி எழுதிக் கொடுப்பான். "கோடு போடாதை, 4 மாதிரிக் கிடக்கு" என்று மாஸ்டரே அவனுக்கு எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார்.

மகளை அவர் அந்த மெசினைத் தொட விடவில்லை. ஏனென்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தையலையே விட்டுவிட்டா. இதையும் நான் கணக்கில் சேர்க்கிறேன்.

1995இல், அதே ஒக்டோபர் 30இல், இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்க, நாங்கள் எல்லோரும் மூட்டை முடிச்சோடு மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டினோம். அடுத்த வருசம் மாஸ்டர் குடும்பம் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடில்லை, கதவில்லை. மெசின் மட்டும் கிடந்தது.

'அந்தச் சனத்தின்ர பாவம்தான் எங்களைத் துரத்தினது' என்று ஊரில் சொல்வார்கள். கனடாவில், ஸ்காபரோவிலும் கேட்டிருக்கிறேன். மாஸ்டருக்கு இந்தக் கதை பிடிக்காது. "உனக்கு நான் காசு தரவேணும். வேறை ஒருத்தன் வந்து என்னை அடிச்சிட்டுப் போறான். உன்ர கடன் தீர்ந்துபோச்சோ?" என்று கேட்டார். கணக்கு மாஸ்டர் அல்லவா!

2002இல் கிளிநொச்சியில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் பத்திரிகைக்காரர் முன்னால் இந்த வெளியேற்றத்துக்கான மன்னிப்பைப் பற்றிப் பேசியதை நான் மாஸ்டரிடம் எடுத்துச் சொன்னேன். "அது அவையின்ர கணக்கு. மெசின் என்ர வீட்டிலையல்லோ கிடக்கு. பயத்திலை பேசாமல் இருந்தம், சரி. பயத்திலையோ மலிவு விலைக்கு வாங்கினனான்?"

போர்நிறுத்தத்தோடு பாதை திறந்ததும் மாஸ்டர் புத்தளம் போய்த் தேடியிருக்கிறார். தகப்பன் மௌத்தாகிவிட்டார். மகன் சின்னத் தையல்கடை வைத்திருந்தான். சேரைக் கண்டதும் கடையைப் பூட்டி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டான். மெசின் கதையைச் சொன்னதும், "வைச்சிருங்கோ சேர், அக்கா பாவிக்கட்டும்" என்றானாம். "ஒரு சொல்லு ஏசியிருந்தால் நிம்மதியா பஸ் ஏறியிருப்பன். சோத்தைப் போட்டிட்டான்ரா" என்றார் மாஸ்டர்.

எங்கள் சங்கத்துக்குக் கனடா, லண்டன், அவுஸ்திரேலியாக் கிளைகள் உண்டு. புத்தளத்தில் ஒரு பழைய மாணவனின் பெயர்கூட அங்கத்தவர் பட்டியலில் இல்லை. ஐவரில் இருவரின் விலாசம் என்னிடம் இருந்தது. செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மலர் அவர்களுக்கும் போகவேண்டும். தபால் செலவு என்னுடையது.