90 டிகிரியில் நின்ற 5800எக்ஸும் 2020-ல் மாட்டிய ஸ்பேசரும்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு புராசஸரை முழுச் சுமையில் ஓட்டிச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23-இன் பத்து நிமிட ஓட்டம் முடிந்தது. புராசஸர் சூடு அதிகபட்சம் 76 டிகிரி, அறையில் 34. மூன்று வாரமாக இதே ஓட்டத்தில் இதே கம்ப்யூட்டர் பெட்டி பதினைந்து நொடிக்குள் 90-ஐத் தொட்டுவிட்டு, அப்புறம் அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தது. ஆறு முறை கூலரைக் கழற்றி மாட்டி, கூலருக்கும் புராசஸருக்கும் நடுவே தடவும் சூடு கடத்தும் பேஸ்ட்டில் இரண்டு குழாயைத் தீர்த்து, சாப்பாட்டு மேசையை ஒரு வாரம் ஆக்கிரமித்ததற்கு அம்மாவிடம் திட்டு வாங்கி, கடைசியில் பார்த்தால் தப்பு 2020-லேயே நான் செய்து வைத்தது.

பெட்டி பழையதுதான். பி450 மதர்போர்டு, அதில் இதுவரை ஏஎம்டியின் ரைசன் 5 2600 புராசஸர். ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு காட்சி ரெண்டர் ஆவதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற நிலைமை வந்ததால், செகண்ட் ஹேண்டில் ஒரு ரைசன் 7 5800எக்ஸ் எடுத்தேன். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை முதலில் புதுப் பதிப்புக்கு ஏற்றிவிட்டுத்தான் சிப்பை மாற்றினேன், அதில் ஒரு தகராறும் இல்லை. 5800எக்ஸ் புதிதாக வாங்கினாலும் அதன் அட்டைப்பெட்டியில் கூலர் வராது. எனக்கு அது பொருட்டாகவே தெரியவில்லை, ஏனென்றால் சூட்டை மேலே கடத்தும் நான்கு ஹீட்பைப் குழாய் வைத்த 120 மில்லிமீட்டர் டவர் கூலர் ஏற்கெனவே இருக்கிறது. 2600-ஐ அது சித்திரை வெயிலிலும் 65-க்கு மேல் ஏறவிட்டதில்லை.

மாற்றிய அன்றைக்கே சும்மா இருக்கும்போது 52. பிரவுசரைத் திறந்தால் 64-க்கு ஒரு துள்ளு துள்ளி இறங்கும். இந்தத் துள்ளல் இந்த வரிசைச் சிப்புகளுக்கே உள்ளது, அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது முழுச் சுமையில் வந்தது. 90 இந்தச் சிப்புக்கு ஏஎம்டி வைத்திருக்கும் மேல் எல்லை, அதைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு ஸ்கோர் 14,100-ல் நின்றது, நியாயமாக 15,000-ஐ ஒட்டி வரவேண்டும்.

விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பதில்: 5800எக்ஸ் அப்படித்தான் சுடும். அது பொய்யும் இல்லை. எட்டு கோரும் சிப்புக்குள் இருக்கும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சிலிகான் சில்லு ஒன்றுக்குள் அடைந்து கிடக்கின்றன, முழுச் சிப்புக்கும் சேர்த்து 142 வாட் வரை போகிறது. 5900எக்ஸுக்கும் அதே 142 வாட்தான், ஆனால் அங்கே இரண்டு சில்லாகப் பிரிந்துவிடுவதால் சூடும் பிரிந்துவிடும். அப்படித்தான் சுடும் என்பது எவ்வளவு சௌகரியமான பதில் பாருங்கள். கேட்டவனும் சமாதானமாகிவிடுவான், சொன்னவனுக்கும் வேலை இல்லை. நானும் ஒரு வாரம் சமாதானமாகத்தான் இருந்தேன்.

அப்புறம் பேஸ்ட் பைத்தியம் பிடித்தது. எம்எக்ஸ்-4 பேஸ்ட் கையில் இருந்தது. முதலில் நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தேன். எல்லோரும் பட்டாணி அளவு என்கிறார்கள், காய்ந்த பட்டாணியா ஊறவைத்த பட்டாணியா என்று ஒருத்தரும் சொல்வதில்லை. அடுத்த தடவை பெருக்கல் குறி போட்டேன். அதற்கடுத்து ஐந்து புள்ளி. பிறகு பழைய ரீசார்ஜ் கார்டு ஒன்றை வைத்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போலச் சீராக இழுத்துப் பார்த்தேன். வித்தியாசம் ஒரு டிகிரி, சில நாள் அதுவும் இல்லை. அதிகமாக வைத்தால் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள், அழுத்தம் சரியாக இருந்தால் மிச்சம் தானாக ஓரத்தில் பிதுங்கி வந்துவிடும், அவ்வளவுதான். அழுத்தம் சரியாக இருந்தால் என்று அப்போதே வாயால் சொல்லிக்கொண்டுதான் தடவினேன், மூளைக்குப் போகவில்லை.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் என்று கேட்டால் தருவதை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை, அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறதோ. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சால்டரிங் சாமான் விற்கும் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைப்பதற்கென்றே வைத்திருப்பார்கள், ஐபிஏ என்று கேட்டால் போதும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், வண்டியில் போய் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். காபி ஃபில்டர் தாளால் துடைத்தால் இழை ஒட்டாது என்பார்கள். நம் வீட்டில் ஃபில்டர் பித்தளையில் இருக்கிறது, ஆகையால் கண்ணாடி துடைக்கும் துணிதான்.

இந்தப் போர்டில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரைக் கழற்றுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2600-ஐ எடுத்த அன்று பேஸ்ட் காய்ந்து பிசின் மாதிரி பிடித்திருந்தது. நான் நேராக மேலே இழுத்தேன். சிப் சாக்கெட்டோடு நிற்காமல் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பூட்டும் நெம்புகோல் பூட்டியபடியே கிடக்கிறது, சிப் என் கையில். 1331 பின்னில் ஓரமாக மூன்று பின் சாய்ந்திருந்தன. லெட் இல்லாத 0.7 பென்சிலின் நுனிக்குள் பின்னை நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒரேயடியாக நிமிர்த்தக் கூடாது, கொஞ்சம் நகர்த்தி, கண்ணளவில் வரிசையோடு ஒப்பிட்டு, மறுபடி கொஞ்சம். அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து பழக்கம் மாறிவிட்டது: கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் சுமை கொடுத்துச் சூடாக்கி, அணைத்தவுடன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பாட்டில் மூடி திருகுவது போல இடமும் வலமும் மெதுவாகத் திருகி, விட்டுக்கொடுத்த பிறகுதான் தூக்குவது. ஆறு தடவையும் அப்படியே, ஒரு தடவைகூட ஒட்டிக்கொண்டு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது தடவை மாட்டிய பிறகு பக்கக் கதவைத் திறந்துவைத்து ஓட்டினேன், கூடவே டேபிள் ஃபேனையும் நேராகத் திருப்பிவிட்டு. என் கேஸ் முகப்பு முழுக்கக் கண்ணாடி, காற்று ஓரச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும், அதனால் பாதிப் பழியை அதன் மேல்தான் போட்டிருந்தேன். திறந்தும் அதே 90-தான். வேகம் மட்டும் ஒரு துளி கூடியது. இவ்வளவு காற்று கொடுத்தும் இறங்கவில்லை என்றால் சூடு ஹீட்பைப்புக்கே வந்து சேரவில்லை என்று அர்த்தம். கூலரின் துடுப்புகளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். சிப் 90-ல் கொதிக்கும்போது மேலே இப்படி இருக்கக் கூடாது.

கழற்றினேன். இந்தத் தடவை உடனே துடைக்காமல், பேஸ்ட் படிந்த தடத்தை மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து தடவையும் இதைச் செய்யாமல் துடைத்துத் துடைத்துப் போட்ட என்னை என்ன சொல்வது! மேல் பாதியில் பேஸ்ட் மெல்லிசாக, உலோகம் தெரிகிற அளவுக்கு அமுங்கியிருந்தது. கீழ் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் திட்டாக, விரலால் வழித்தெடுக்கலாம் போல இருந்தது. கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

சாக்கெட்டுக்கு மேலும் கீழும் வரும் கூலரைப் பிடிக்கும் இரண்டு உலோகச் சட்டங்களுக்கு அடியில், உயரம் கொடுக்க, நான்கு ஸ்பேசர் துண்டுகள் உண்டு. கூலரோடு வந்த கிட்டில் இன்டெலுக்கு ஒரு வகை, ஏஎம்டிக்கு ஒரு வகை, இரண்டும் கறுப்பு, உயரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். 2020-ல் ஊரடங்கில் ராத்திரி ஒரு மணிக்கு மாட்டிய மகராசன், மேல் சட்டத்துக்குச் சரியானதையும் கீழ்ச் சட்டத்துக்கு உயரமானதையும் போட்டிருக்கிறான். கீழ்ச் சட்டம் உயர்ந்து நிற்பதால் அந்தப் பக்கத்து ஸ்ப்ரிங் ஸ்க்ரூ அழுத்துவதற்கு முன்பே முட்டி நின்றுவிடும். முழுக்க இறுகிவிட்டது என்று கைக்கும் தோன்றும். ஆறு தடவையும் கூலரைத்தான் கழற்றினேன், சட்டத்தைத் தொடவே இல்லை, அது ஏற்கெனவே மாட்டியதுதானே என்று.

2600 இதை இத்தனை வருடம் எப்படி மறைத்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதன் சில்லு 213 சதுர மில்லிமீட்டர், சிப்பின் உலோக மூடிக்கு நட்ட நடுவில் இருக்கும், அதிகபட்சம் 88 வாட். நடுவில் தொடர்பு சுமாராக இருந்தாலே அதற்குப் போதும். 5800எக்ஸில் நடுவில் ஒன்றும் இல்லை. கோர்கள் இருக்கும் சில்லு கீழ் ஓரத்தை ஒட்டி இருக்கிறது, மேல் பக்கத்தில் இருப்பது மெமரி, மற்ற இணைப்புகளைக் கவனிக்கும், அவ்வளவாகச் சுடாத ஐஓ சில்லு. அதாவது என் கூலர் சுடாத இடத்தை நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. நல்லவேளை, உயரம் குறைந்த ஸ்பேசர் இரண்டும் பழைய டப்பாவிலேயே பாலிதீன் பையில் பிரிக்காமல் இருந்தன.

மாற்றி, இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்கி மாட்டியதும்: சும்மா இருக்கையில் 43, சுமையில் 84, ஸ்கோர் 15,020. இதில் பயாஸில் எதையும் தொடவில்லை.

84-ஓடு விட்டிருக்கலாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்பதால் மே மாதத்தில் 38 வரை போகும், அதனால் கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் வசதியான கர்வ் ஆப்டிமைசரில் இறங்கினேன். எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டேன், சினிபெஞ்ச் அருமையாக ஓடியது, எனக்குச் சிங்கச் சிப் மாட்டியிருக்கிறது என்று மச்சானுக்குப் போன் போட்டுப் பீற்றியும் ஆகிவிட்டது. மறுநாள் காலை ஒன்றுமே செய்யாமல் மின்னஞ்சல் படித்துக்கொண்டிருக்கும்போது பட்டென்று ரீஸ்டார்ட். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகர், எண் 18 என்ற வன்பொருள் பிழை. இது பெரும்பாலும் முழுச் சுமையில் வராது, ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வரும், அதனால் சினிபெஞ்சை வைத்துச் சர்டிபிகேட் கொடுக்கக் கூடாது. கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்ளரை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, நன்றாக ஓடும் முதல் இரண்டு கோருக்கு மைனஸ் 10, மற்றதற்கு மைனஸ் 20 என்று வைத்திருக்கிறேன். சிப்புக்குப் போகும் மின்சார உச்சவரம்பான பிபிடி-யை 142-லிருந்து 120 வாட்டுக்கு இறக்கினேன். அந்தக் கணக்கில்தான் நேற்றைய 76, ஸ்கோரும் அதே 15,000 சொச்சம்.

மிச்சம் இருக்கும் எரிச்சல் ஃபேன் சத்தம். அந்த துள்ளல் ஒவ்வொன்றுக்கும் ஃபேன் உறுமி அடங்கும், பக்கத்தில் யாரோ பெருமூச்சு விடுவது மாதிரி இருக்கும். 65 வரை ஒரே வேகம், அதற்கு மேல்தான் ஏற்றம் என்று வைத்து, ஏறுவதற்கான தாமதத்தையும் கூட்டியிருக்கிறேன். இன்னும் முழுத் திருப்தி இல்லை. அதை முடிக்காமலேயே மனது ஹனிவெல் பிடிஎம்7950 பக்கம் போய்விட்டது, 45 டிகிரிக்கு மேல் இளகிப் படியும் தகடு, பேஸ்ட் மாதிரி நாளடைவில் பிதுங்கி வெளியேறாது. போலி நிறைய உலாவுவதால் கண்ட கடையில் வாங்கப் பயமாக இருக்கிறது. நொக்டுவா தன் கூலர்களுக்கு ஏஎம்4-ல் 7 மில்லிமீட்டர் கீழே தள்ளி மாட்டும் சட்டம் விற்கிறது, ஒன்றிலிருந்து மூன்று டிகிரி வரை இறங்கும் என்கிறது. அந்தச் சட்டத்துக்காகக் கூலரையே மாற்றலாமா என்று யோசிப்பதெல்லாம் வியாதிதான், தெரிகிறது. கண்ணாடி முகப்பு கேஸையும் போனஸ் வந்ததும் மாற்ற வேண்டும்.

அதற்கு முன்னால் 2600 அக்கா பையனுக்குப் போகிறது, அவன் ஏ320 போர்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். நிமிர்த்திய மூன்று பின்னும் சாக்கெட்டில் சரியாக இறங்கினால் கும்பிடு போட்டுவிடுவேன். அதோடு வந்த ஸ்டாக் கூலரையே மாட்டிக் கொடுக்கப் போகிறேன், நான்கு ஸ்க்ரூவும் நேராகப் பின் தகட்டில் இறங்கும். போர்டைப் படுக்கவைத்துப் பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றும்போது பின் தகடு கீழே விழாமல் பிடிக்க ஒரு கை வேண்டும், அதற்கு அவனையே உட்காரவைத்துக்கொள்ளலாம். அதில் ஸ்பேசர் கிடையாது.