டர்பனில் மூச்சு எண்ணப் பழகினேன்

மதுரையில் ஆறு வருஷம் ஐசியுவில் வேலை பார்த்தவள் நான். நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் மூன்று வார்டு தள்ளியிருந்தும் என்னைக் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர். கணவருக்கு டர்பனில் வேலை கிடைத்தபோது அந்தக் கைராசியை நம்பித்தான் நானும் விமானம் ஏறினேன்.

வந்து ஒன்றரை வருஷம் கையில் ஊசியே இல்லை, காகிதம்தான். தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லாமல் இங்கே நர்ஸாக ஒரு மாத்திரைகூடக் கொடுக்க முடியாது. கல்லூரியிலிருந்து வந்த மார்க் விவரத்தில் ஒரு சீல் விட்டுப்போயிருந்தது. அதற்காக அப்பா இரண்டு தடவை பஸ் ஏறி அலைந்தார். அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் இந்த நாட்டு நர்சிங் கதையைப் படித்தேன். நர்ஸ்களை அரசே சட்டப்படி பதிவு செய்யும் முறை உலகத்திலேயே முதலில் வந்தது இங்கேதானாம். 1891, அன்றைய கேப் காலனி. கிம்பர்லியில் இருந்த சிஸ்டர் ஹென்றியெட்டா ஸ்டாக்டேல் விடாப்பிடியாக நின்று வாங்கியது. 1908இல் சிசிலியா மக்கிவானே இந்த நாட்டில் பதிவு பெற்ற முதல் கறுப்பின நர்ஸ் ஆனார். இதையெல்லாம் படித்த பிறகு காகிதங்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

ஒருவழியாகப் பதிவு வந்தது. தோளில் மெரூன் பட்டை, மகப்பேறும் படித்திருந்ததால் அதில் ஒரு பச்சைக் கோடு. காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வேலை. முதல் நாள், ஷிஃப்ட் தொடங்குமுன் நர்ஸ்கள் வட்டமாக நின்று ஜூலு மொழியில் ஒரு பக்திப் பாட்டுப் பாடினார்கள். அதற்கு முன்பே ஒரு அம்மா என்னைப் பார்த்து "சாவுபோனா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜூலுவில் அது வணக்கம். யோசித்துப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் சாவு போவதைவிட நல்ல வணக்கம் வேறென்ன வேண்டும்.

நோயாளிகளின் பெயரும் ஒரு வேடிக்கை. கட்டில் அட்டையில் 'கோவெண்டர்', 'மூட்லி' என்று இருக்கும். யாரோ வெள்ளைக்காரர்கள் என்று நினைத்தேன். கவுண்டரும் முதலியும்தான், கப்பல் ஏறிய பிறகு எழுத்து மாறிவிட்டது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதிலும் பிறகு வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் இவர்கள். பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் புரட்டாசியில் கறி தொட மாட்டார்கள்.

என் கைராசி இரண்டாம் மாதமே கவிழ்ந்தது. வயிற்று ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளில் இருந்த ஒரு பெரியவர். மாலை ஐந்து மணிக்கு நாடி, பிரஷர், காய்ச்சல் எல்லாம் பார்த்தேன். மூச்சுக் கட்டத்தில் வழக்கம்போல 20 என்று எழுதினேன். எண்ணவில்லை. இரவு வந்த சிஸ்டர் எண்ணிப் பார்த்தபோது 32. உள்ளே கிருமி பரவத் தொடங்கியிருந்தது. ஐசியுவுக்குப் போய், நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் இன்சார்ஜ் சிஸ்டர் என்னை உட்காரவைத்து, நான் எழுதிய அட்டைகளை மேசையில் பரப்பினார். 20, 20, 18, 20, 20. "இந்த வார்டில் எல்லோரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்களா, சிஸ்டர்?" என்று கேட்டார். திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

அப்புறம், அடுத்த வருஷத்துக்கு என்ன திட்டம் என்றார். தீவிர சிகிச்சை டிப்ளமா, வென்டிலேட்டர் பயிற்சி, கருத்தரங்கு என்று நோட்டில் நிறைய எழுதிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினார்: மூன்று மாதம், ஒவ்வொரு நோயாளிக்கும் மூச்சை முழு நிமிடம் எண்ணு. வாரம் ஐந்து அட்டையை நீயே எடுத்துத் திருத்து. டிப்ளமா எங்கும் ஓடிப்போகாது. ஆறு வருஷம் ஐசியு பார்த்தவளுக்கு இது முதலாம் ஆண்டுப் பாடம். உள்ளுக்குள் எரிந்தது, உண்மையைச் சொன்னால்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். உடம்பு சரியத் தொடங்கும்போது பிரஷர் இறங்குவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு ஏறிவிடும். இது எனக்குத் தெரியாததா? தெரியும், செய்யவில்லை. ஐசியுவில் மானிட்டர் எண்ணிக் கொடுத்துவிடும், அந்தச் சோம்பல் வார்டுக்கும் கூடவே வந்துவிட்டது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்க்க வேண்டும். அறுபது விநாடி சும்மா நிற்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. தொடாத கஞ்சி கண்ணில் படும். வீங்கிய கணுக்கால் படும்.

பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு தமிழ்ப் பாட்டி, டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்காரர். எப்போது கேட்டாலும் "ஐ ஆம் ஃபைன், டார்லிங்" என்பார். எண்ணிக்கொண்டு நின்றபோது, ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் அவர் முகம் சுருங்கியது. மேலோட்டமான மூச்சு, 26. என்னையறியாமல் "எங்க வலிக்குது பாட்டி?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு வலது விலாவுக்குக் கீழே கை வைத்து, "இங்க" என்றார். சின்ன வயசில் அவருடைய ஆயா பேசிய தமிழாம், அதற்குப் பிறகு வாய் திறந்து பேச ஆளில்லையாம். டாக்டரிடம் சொல்லி வலி மருந்தை மாற்றியதும் ஆழமாக மூச்சுவிட முடிந்தது.

இப்போது டிப்ளமாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். நோட்டில் இந்த மூன்று மாதத்துக்கான வரி ஜூலு: "குபுஹ்லுங்கு குபி?", எங்கே வலிக்கிறது என்று. போன வாரம் ஒரு ஜூலுப் பாட்டியிடம் கேட்டேன். இங்கே பாட்டியைக் 'கோகோ' என்பார்கள். வலி இல்லை என்பதற்கு அவர் சொன்ன 'ச்சா' என் வாயில் வரவேயில்லை. பிறகுதான் உறைத்தது, நாம் உச்சுக் கொட்டுவோமே, நாக்கை அப்படிச் சொடுக்கினால் போதும். நான் சொல்லிக் காட்டியதும் பக்கத்துக் கட்டில்காரர்வரை சிரித்தார்கள். அதற்குள் என் நிமிடம் முடிந்திருந்தது. 28. நாற்காலியை இழுத்துப் போட்டு, மறுபடி கேட்டேன்.