மண்ணை மட்டும் எடுத்தல்: பதினேழு காசுகளோடு ஏழு மாதம்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது, பாட்டியின் பித்தளை வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் பதினொரு காசுகள் கிடைத்தன. கும்பகோணத்தில் பழங்காசு விற்கும் ஒரு பெரியவரிடம் நான் சிறுகச் சிறுக வாங்கி வைத்திருந்த ஆறு காசுகளையும் அவற்றோடு சேர்த்து, மொத்தம் பதினேழு காசுகளைச் சித்திரை மாதத்தில் சுத்தம் செய்யத் தொடங்கினேன். கார்த்திகை பிறந்த பிறகும் அந்த வேலை முழுமையாக முடியவில்லை. எந்தக் காசுக்கு என்ன செய்தேன், எதற்கு ஒன்றும் செய்யாமல் விட்டேன் என்பதைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து இங்கே எழுதுகிறேன்.

நான் கெடுத்த காசைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்த, 1835ஆம் ஆண்டுப் பொறிப்புள்ள கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலணா அது. பூசைச் செம்பையும் குத்துவிளக்கையும் துலக்குவதுபோல அதையும் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில் புதுத் தவலையின் அடியைப்போலச் சிவந்து பளபளத்தது. மறுநாள் காலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, கேடயத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு சிங்கங்களின் பிடரி மழுங்கியிருந்தது. எழுத்தில்லாத இடமெல்லாம் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடின. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். அந்த ஆக்சைடு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. காசின் மேற்பரப்பில் இருந்த செம்பே நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மெல்ல மாறி அப்படி ஆகியிருக்கிறது. அதைக் கரைத்தால், வார்ப்படத்தைவிட நுண்மையாக அச்சு பதிந்த அந்த மேற்பரப்பே போய்விடுகிறது. சாம்பலில் இருந்த நுண்மணல் மீதி வேலையை முடித்துவிட்டது. கும்பகோணத்துப் பெரியவரிடம் காட்டியபோது, "அழுக்கோட கொண்டாந்தா விலை சொல்லுவேன் தம்பி, தேச்சுக் கொண்டாந்தா எடைக்குத்தான்" என்றார். அந்தக் காலணாவை இன்னும் வைத்திருக்கிறேன். வேறு காசைத் தொடும் முன் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

சித்திரை

இந்த முறை முதல் வாரம் முழுவதும் காசுகளில் தண்ணீர்கூடப் படவிடவில்லை. ஒவ்வொன்றையும் இருபுறமும் படம் எடுத்து, நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின் தராசில் எடை பார்த்து எழுதி, உலோகவாரியாகப் பிரித்தேன். செம்பும் வெண்கலமுமாக ஒன்பது, வெள்ளி மூன்று, நிக்கல் கலந்தவை மூன்று, அலுமினியப் பைசா இரண்டு. வெவ்வேறு உலோகக் காசுகளை ஒரே பாத்திரத்தில் ஊறவைக்கக் கூடாது. ஈரத்தில் அவை ஒன்றையொன்று தொட்டால் மின்கலம்போல வேலை செய்து, ஒன்றை அரித்து மற்றொன்றில் கறையைப் படியவைக்கும். ஆகவே காசுக்கு ஒன்றாகக் கண்ணாடித் தம்ளர்களை எடுத்து, எண் எழுதிய காகிதத்தை ஒட்டினேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்பின் அளவு, குடிநீருக்குப் பயன்படுத்தும் டிடிஎஸ் கருவியில் 840 என்று காட்டியது. கடலோரம் போகப் போக இது இன்னும் கூடும். இந்த நீரில் ஊறவைப்பது காசுக்குப் புதிதாக உப்பு ஊட்டுவதாகும். வாகன பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரை வாங்கினேன். கருவி 2 காட்டியது. பேட்டரிக் கடையில் அமிலமும் ஒத்த புட்டியில் இருக்கும் என்பதால், வாங்கும்போது லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

அலுமினியப் பைசா இரண்டையும் வடிநீரில் ஒருமுறை அலசியதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த உலோகம் மிக மென்மையானது. அமிலமும் காரமும் இரண்டுமே அதைத் தின்னும்.

வைகாசி, ஆனி

இந்த இரண்டு மாதங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு காசுக்குப் போயின. கோடையில் காவிரி வறண்டு கிடக்கும்போது மணலைச் சலித்துக் காசு பொறுக்குவோரிடமிருந்து பெரியவருக்கு வந்து, அவரிடமிருந்து எனக்கு வந்த செப்புக் காசு அது. வாங்கும்போது அதை வட்டமான ஒரு களிமண் வில்லை என்றுதான் சொல்ல முடியும். வண்டலும் நுண்மணலும் சுண்ணாம்பும் ஒன்றாக இறுகி, ஒருபுறம் மட்டும் மனித உருவின் கால்கள்போல இரண்டு மேடுகள் தெரிந்தன. எடை 5.12 கிராம்.

வடிநீரில் போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றினேன். முதல் இரண்டு வாரங்களில் தம்ளரின் அடியில் மெல்லிய பழுப்பு வண்டல் படிந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வாரம் ஓரத்திலிருந்து ஒரு சில்லு தானாகவே கழன்றது. அதன் பிறகு ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும், காசை ஈரத்தோடு வெள்ளைத் துணியில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியின் கீழ், வேலிக்கருவை முள்ளால் மண்ணை மட்டும் நெம்பினேன். எஃகு ஊசி செம்பைக் கீறிவிடும். மூங்கில் பற்குச்சி ஈரத்தில் நார்நாராகப் பிரிந்துவிடுகிறது. முள்ளின் நுனி செம்பைவிட மென்மையாகவும் மண்ணைவிடக் கடினமாகவும் இருப்பதால், அது மழுங்குமே தவிர காசைக் காயப்படுத்தாது. ஒரு மாலையில் நான்கைந்து முட்கள் செலவாகும். வேலியில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

முள்ளைச் சாய்வாகப் பிடித்து, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கித் தள்ளாமல், பள்ளத்தில் உள்ள மண்ணை அதன் ஓரத்திலிருந்து கிளப்ப வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தில் கற்றேன். மண் விடுபடும்போது மிகச் சன்னமான நொறுங்கல் ஒன்று விரலில் தெரியும். அது தெரியாமல் முள் வழுக்கிப் போனால், அங்கே இருப்பது மண் அன்று, காசின் தோல். உடனே கையை எடுத்துவிட வேண்டும். ஆனி மாதக் கடைசியில், அமர்ந்திருக்கும் உருவத்தின் இடக்கைக்குக் கீழே, நாகரி எழுத்தின் தலைக்கோடு ஒன்று முதலில் வெளிப்பட்டது. நான்கு நாள் கழித்து 'ராஜ' என்று வாசிக்க முடிந்தது. அதன் கீழே இன்னொரு 'ராஜ'. ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமுமாக ராஜராஜன் பெயர் பொறித்து வெளியான செப்புக் காசு. அன்று இரவு எடை பார்த்தபோது 3.84 கிராம் இருந்தது. ஒன்றேகால் கிராமுக்கும் மேல் வெறும் மண்ணையே இத்தனை நாள் எடுத்திருக்கிறேன் என்று மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

நின்ற உருவத்தின் முகத்தில் கடுகளவு சுண்ணாம்புக் கட்டி ஒன்று இன்னும் இருக்கிறது. அதன் கீழே மூக்கு இருக்க வேண்டும். முள்ளுக்கு அது அசையவில்லை. அமிலம் ஒரு துளி வைத்தால் கரையும். ஆனால் அந்தத் துளி சுண்ணாம்போடு நிற்காது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஓட்டைக் காலணாக்கள் இரண்டும் ஒரு வார ஊறலிலேயே தெளிந்தன. அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை.

ஆடி

வெள்ளி ரூபாய் மூன்றில் இரண்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்தவை. அவை கறுத்திருந்தன. இந்தக் கறுப்பு வெள்ளி சல்பைடு. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாவது. அலுமினியத் தாளில் வைத்து ஆப்பச் சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால் நொடியில் வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓரத்தில் ஊதாவும் நடுவில் இளம்பொன்னுமாக அவற்றுக்கு வந்திருந்த நிறத்தை அப்படிப் போக்கினால், வெந்த மாவுபோன்ற உயிரற்ற வெண்மைதான் மிஞ்சும். சேகரிப்போர் அந்த இயற்கை நிறத்தைத்தான் விரும்புகின்றனர். எனக்கும் அதுவே அழகாகப் படுகிறது. அவற்றை அலசியதோடு சரி.

மூன்றாவது ரூபாயின் கதை வேறு. நாணயம் வைக்கவென்றே விற்கும் ஒரு பிளாஸ்டிக் தொகுப்பேட்டில் நான் அதை ஆறு ஆண்டுகள் வைத்திருந்தேன். அந்த உறை பிவிசி வகை. அதிலிருந்து கசிந்த நெகிழ்பொருள் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டியிருந்தது. இதற்கு நீர் உதவாது, தூய அசிட்டோன்தான் உதவும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும் என்பதால் அது ஆகாது. வாசல் திண்ணையில், அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் தள்ளி, மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் ஊற்றி, காசை ஒரு மணி நேரம் வைத்தேன். பிசின் நூல்நூலாகக் கரைந்து இறங்கியது. புதிய அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி எடுத்து, துடைக்காமல் காற்றில் உலரவிட்டேன். அசிட்டோன் வெள்ளியையும் அதன் நிறத்தையும் தொடுவதில்லை. பிசினையும் கைரேகை எண்ணெயையும் மட்டுமே எடுக்கிறது. பிசின் அரித்திருந்த இரண்டு புள்ளிகள் மங்கலாகவே நின்றுவிட்டன. அந்தத் தொகுப்பேட்டை அன்றே குப்பையில் போட்டேன்.

ஆவணி முதல்

பதினேழில் எனக்கு மிகவும் கவலை தந்த காசு, தரங்கம்பாடிக் காசுதான். டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை அங்கே இருந்து, தங்கள் மன்னர்களின் பெயரில் சிறு காசுகளை அடித்தனர். நம் 'காசு' என்ற சொல்லே 'காஸ்' என்று அவற்றில் ஏறியிருக்கிறது. என்னிடம் இருப்பது ஏழாம் கிறிஸ்டியான் காலத்தது. முடியின் கீழே வளைந்த எழுத்தும் அதனுள் ஏழு என்ற எண்ணும் உள்ளன. வாங்கும்போது பதினேழிலும் இதுவே அழகாக இருந்தது. கரும்பச்சைத் தோல், தொட்டால் கண்ணாடிபோல வழவழப்பு.

ஆடிக் கடைசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. அதன் பிறகு பார்த்தால், அந்த ஏழின் வளைவில் வெளிர்ப்பச்சைத் தூள் பூத்திருந்தது. முள்ளால் தொட்டவுடன் மாவாக உதிர்ந்தது. அதன் அடியில் ஒரு சிறு குழி. செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்று சித்தாந்தம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. கரும்பச்சையாக, கெட்டியாக, வழவழப்பாக இருப்பது காசைக் காக்கும் தோல். வெளிர்ப்பச்சையாக, தூளாக, புள்ளி புள்ளியாக வருவது வெண்கல நோய். கடலோர மண்ணின் குளோரைடு காசுக்குள் புகுந்து, செம்போடு சேர்ந்து, தோலுக்கு அடியில் உறங்கிக் கிடக்கும். ஈரமும் காற்றும் கிடைத்தவுடன் அமிலம் உண்டாகிச் செம்பை அரிக்கும், அரித்த செம்பு மீண்டும் குளோரைடாகும், இப்படியே சுழன்றுகொண்டிருக்கும். மேலே துடைப்பதால் இது நிற்பதில்லை.

பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருக்கும் என் மைத்துனரிடம் கேட்டேன். "அத்தான், முதல்ல அந்தக் காச மத்த காசுங்க கிட்டேருந்து தனியா எடுத்து வைங்க" என்றார். அவர் சொன்னபடி, முகக்கவசம் அணிந்து, தூளை முள்ளால் முழுவதும் எடுத்தேன். செம்பு உப்புத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. பிறகு அரை லிட்டர் வடிநீரில் நீரற்ற சலவைச் சோடா 12 கிராம், ஆப்பச் சோடா 9 கிராம் கரைத்து, அதில் காசை இட்டேன். இந்தக் காரக் கரைசல் குளோரைடை மெல்ல வெளியே இழுக்கும். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றி, ஏழு வாரம் வைத்தேன். தோலின் கரும்பச்சை சற்றே நீலம் கலந்து மாறியது. இந்த இழப்பு நேரும் என்று தெரிந்தேதான் செய்தேன். நோயில்லாத காசை இந்தக் கரைசலில் இட மாட்டேன்.

ஐப்பசியில், ஊரெல்லாம் துலாக் கட்டத்துக்கு நீராடப் போய்க்கொண்டிருந்த நாள்களில், காசை வெறும் வடிநீருக்கு மாற்றினேன். ஐந்து நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றும் முன் கருவியில் பார்த்த அளவுகள்: 61, 34, 17, 8, 4. கருவி எல்லா உப்பையும் சேர்த்தே காட்டும். அதனால் முதல் முறை மாற்றிய நீரிலும் கடைசி நீரிலும் கொஞ்சத்தை மைத்துனரிடம் கொடுத்தேன். அவர் சோதனைக் குழாய்களில் அவற்றைத் தனித்தனியே எடுத்து, நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு, வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தார். குளோரைடு இருந்தால் பால்போல வெளுக்க வேண்டும். முதல் முறை மாற்றிய நீர் வெளுத்தது. கடைசி நீர் தெளிந்தே நின்றது.

பிறகு அசிட்டோனில் முக்கி ஈரத்தைப் போக்கி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தேன். உள்ளே சிறிய ஈரப்பத மானி 34 விழுக்காடு காட்டியது. ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இந்த நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அடைமழைக் காலத்தில் எங்கள் கூடத்தில் அதே மானி 90ஐத் தாண்டும். ஆகவே டப்பாவை வெயில் உள்ள நாளில் மட்டுமே திறக்கிறேன். மற்றக் காசுகள் பிவிசி இல்லாத உறைகளில் வேறு பெட்டியில் இருக்கின்றன.

கார்த்திகை, இரண்டாம் வாரம்

மழை விட்ட ஒரு காலையில் டப்பாவைத் திறந்து, கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஏழின் வளைவில் இருந்த குழி, செம்பழுப்பு நிறத்தில் வறண்டு, அமைதியாக இருந்தது. முடியின் இடப்பக்க ஓரத்தில் மட்டும், ஊசிமுனை அளவில், வெளிர்ப்பச்சையாக ஒரு புள்ளி. முள்ளால் தொட்டேன். உதிர்ந்தது. மாலையில் புதிய கரைசல் கலந்து, காசை அதே தம்ளரில் இட்டு, தேதியை எழுதி ஒட்டினேன்.