கபூர்தலா: அரண்மனையை நம்பிப் போகாதீர்கள்

ஜகத்ஜித் அரண்மனைக்கென்றே பஞ்சாபின் கபூர்தலா போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். அது 1961 முதல் சைனிக் பள்ளி, அதாவது ராணுவத்துக்கு மாணவர்களைத் தயார்செய்யும் பள்ளி. முன்அனுமதி கையில் இல்லையென்றால் கேட்டோடு சரி. வெளியே நிற்கும் ஆட்டோவுக்கு வெயிட்டிங் காசு வேறு ஏறிக்கொண்டிருக்கும். போக, நிற்க, வர என்று மூன்றுக்கும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள். ஜலந்தரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான், பஸ்ஸே போதும்.

அப்புறம் எதற்குப் போவது? அனிதா டெல்காடோவுக்காக. 1890-இல் ஸ்பெயினின் மலாகாவில் பிறந்தவர், மாட்ரிட்டில் நடனக்காரி. 1906-இல் ஸ்பெயின் அரசர் கல்யாணத்துக்குப் போன கபூர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங் அவரைப் பார்த்து மயங்கினார். 1908 ஜனவரியில் கபூர்தலாவில் சீக்கிய முறைப்படி கல்யாணம், பெயர் பிரேம் கௌர். அந்த முறைக்குச் சட்ட அங்கீகாரம் தந்த ஆனந்த் திருமணச் சட்டமே அடுத்த வருஷம்தான் வந்தது. பிரிட்டிஷ்காரர்களோ அவரை மகாராணி என்று ஏற்கவே இல்லை. 'சீக்கியராகவே மாறிவிட்டார்' என்று எழுதுவது அவசரம். மலாகா மாதா சிலைக்கு விலையுயர்ந்த மேலங்கி கொடுத்தவர் அவர். பெயர் மாறியது, பக்தி ஊரிலேயே இருந்தது.

அவருக்கு நடந்த சீக்கியக் கல்யாணச் சடங்கு எப்படியிருக்கும் என்று பார்க்க சுல்தான்பூர் லோதி போங்கள், இன்னொரு 27 கிலோமீட்டர். குரு நானக் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர். 'காளி பேய்ன்' என்ற ஆற்றின் கரையில் பேர் சாஹிப் குருத்வாரா. இப்போதுள்ள கட்டடம் அதே ஜகத்ஜித் சிங் கட்டுவித்தது, 1941-இல் முடிந்தது. கல்யாணங்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே முடிந்துவிடும் என்பதால் காலையிலேயே போங்கள். மாப்பிள்ளையின் துணி முனையைப் பெண் பிடித்துக்கொள்ள, சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபை நாலு முறை வலம் வருவார்கள், சுற்றுக்கு ஒரு லாவான் என்ற கல்யாணப் பாடல்.

தலையை மூடப் பெரிய துணி கொண்டுபோங்கள். சின்னக் கைக்குட்டை குனிந்தால் நழுவும். குருத்வாராவில் தரும் கடா பிரசாதத்தை இரண்டு கையும் குவித்து வாங்க வேண்டும். கோதுமை மாவு, நெய், சர்க்கரை சம அளவு, விரலெல்லாம் நெய்! துடைக்கத் தனித்துணி அவசியம். லங்கர் என்ற பொதுப் பந்தியிலும் ரொட்டிக்கு இரண்டு கையையும் நீட்டுங்கள். தட்டில் மீதம் வைக்கக்கூடாது, காசு கிடையாது. அந்த நாளின் சாப்பாட்டுச் செலவு அதோடு மிச்சம்.

திரும்பும்போது கபூர்தலாவில் மொராக்கோ பாணி மசூதியைப் பாருங்கள், அழகு. ஆனால் அனிதா கதையோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். அது முடிந்தது 1930-இல், அவர் பிரிந்துபோனது 1925-இல்.