மின்னியைத் தேற்றி அனுப்பிய கதை

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள் நிரந்தரம். மூன்றாவதாக ஒன்று அவ்வப்போது வரும், தேறும், வேறு வீட்டுக்குப் போகும். மணிக்கு வயதாகிவிட்டது, பாதி நாள் தூக்கம்தான். செல்லி வயதில் சின்னது, வாசலில் காற்று அசைந்தாலும் குரைக்கும். மீட்கப்பட்ட நாயை இப்படித் தற்காலிகமாக வைத்து வளர்ப்பதை இங்கே ஃபாஸ்டர் என்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து போன் செய்யும் என் அம்மா இன்னும் கேட்கிறார்: "கடைசியில யாருக்கோ குடுக்கப் போற நாய்க்கு ஏண்டி இவ்ளோ மெனக்கெடற?" அம்மாவுக்குப் போனில் சொல்லி முடியவில்லை. அப்படி வந்துபோன மின்னி விஷயத்தில் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். இதைச் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில். நிறவெறி ஆட்சி 1960களில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பகுதி. மேடும் பள்ளமுமான நிலம், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், சின்ன முற்றம். திருட்டுப் பயம் இருப்பதால் காவலுக்கென்றே நாய் வைத்திருப்பவர்கள் அதிகம். அதில் பலர் அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். சிலர் சங்கிலியில் கட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். நாயைத் தேவையில்லாமல் கட்டிப்போட்டு வதைப்பது இந்த நாட்டில் 1962ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் ஆய்வாளர்கள் வந்து நடவடிக்கை எடுக்க முடியும். ஆனால் யாராவது போன் செய்து சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மின்னியின் கழுத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். கம்பி அறுத்து அறுத்து, தோலுக்குள் பதிந்து, சீழ் பிடித்திருந்தது.

ஃபாஸ்டருக்குப் பதிவு செய்தது பெரிய வேலையாக இல்லை. ஒரு மீட்புக் குழுவில் படிவம் கொடுத்தோம். அவர்கள் வீட்டுக்கு வந்து சுவர் உயரம், கேட்டுக்கு அடியில் இடைவெளி, நாய் எங்கே தூங்கும், மணிக்கும் செல்லிக்கும் கருத்தடை ஆகிவிட்டதா, தடுப்பூசி அட்டை எங்கே என்றெல்லாம் பார்த்தார்கள். மருத்துவச் செலவு அவர்களுடையது. சாப்பாடும் இடமும் கவனிப்பும் எங்களுடையது. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று என் மாமியாரைத் தனியாகக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அத்தை, "பைரவர் வாகனம், வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் மின்னி வந்தது. தகரக் கொட்டகைகள் நிறைந்த ஒரு குடியிருப்பிலிருந்து மீட்ட பெண் நாய். ஒல்லி உடம்பு, பழுப்பில் கறுப்பு வரிகள், நிமிர்ந்த காது. ஆப்பிரிக்கானிஸ் என்று இங்கே சொல்லும் நாட்டு நாய் வகை. நம் ஊர்த் தெரு நாயைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும், அதே கட்டு, அதே எச்சரிக்கை. கையைத் தூக்கினால் தரையோடு படுத்துக்கொள்ளும். தமிழில் கூப்பிட்டாலும் ஆங்கிலத்தில் கூப்பிட்டாலும் திரும்பாது. எங்கள் தெருவில் தோட்ட வேலைக்கு வரும் சுலு அண்ணன் ஒருவர் அவர் மொழியில் "வோசா", அதாவது "வா" என்றதும் மெல்ல எழுந்து அவரிடம் போனது. அதன் பிறகு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

முதல் இரண்டு வாரம் அதைப் பின்கட்டு அறையில் தனியாக வைத்தோம். இதில் மட்டும் யாரும் அவசரப்படக் கூடாது. பார்வோ என்ற வைரஸ் உடம்புக்குள் புகுந்த பிறகு அறிகுறி தெரிய இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். வந்த நாய் பார்க்க நன்றாக இருக்கும், நாலு நாள் கழித்து ரத்தமாகப் பேதியாகும். அதற்குள் வீட்டு நாய்களோடு பழகவிட்டால் தடுப்பூசி முழுசாகப் போடாத குட்டிகளுக்கு ஆபத்து. அந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு மசியாது. ஜிக் என்ற ப்ளீச் வாங்கி, ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையைத் துடைத்தோம். அந்த அறைக்கென்று தனிச் செருப்பு, தனித் தட்டு. நானும் கணவரும் மாறி மாறிப் போய் அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்போம். தொட மாட்டோம், கண்ணைப் பார்க்க மாட்டோம். நான் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வேன். ஒரு நாள் அது தானாக வந்து என் முழங்காலை முகர்ந்துவிட்டுப் போனது.

அப்புறம் புரட்டாசி பிறந்தது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசி விரதத்தை எவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். 1860இலிருந்து சென்னையில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள். தமிழ் பேசுவது குறைந்த வீட்டிலும் அந்த மாதம் முழுக்க அடுப்பில் கறி ஏறாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சரியாக அந்த நேரம் பார்த்து மின்னி சாப்பாட்டை நிறுத்தியது.

காலையில் தட்டு அப்படியே இருந்தது. மத்தியானம் எழுந்து நிற்கவே யோசித்தது. சாயங்காலம் சிறுநீர் கழித்தபோது பார்த்தேன், கருப்பட்டிக் காபி நிறத்தில் இருந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. தென்னாப்பிரிக்காவில் நாய் வளர்ப்பவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது. பிலியரி.

பிலியரி உண்ணியால் வருவது. பபேசியா ரோசி என்ற ஒட்டுண்ணி, உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் இறங்கி, சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. உடைந்ததெல்லாம் சிறுநீரில் வரும், அதனால்தான் அந்த நிறம். நம் ஊரிலும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் உண்டு என்றாலும் இங்குள்ள இந்த வகை ரொம்பக் கொடியது. சிகிச்சை தள்ளிப்போனால் சில நாட்களில் உயிர் போய்விடும். இத்தனைக்கும் மின்னி வந்த அன்றே உண்ணி மாத்திரை கொடுத்திருந்தோம். அந்த மாத்திரை உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும், கடிக்காமல் தடுக்காது. வருவதற்கு முன்பே கடி வாங்கியிருக்கவும் கூடும். ஆகவே மாத்திரையும் வேண்டும், தினம் காது மடல், கால் விரலிடுக்கு, வால் அடி எல்லாம் கையால் தடவிப் பார்ப்பதும் வேண்டும்.

இரவு திறந்திருக்கும் கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான அணுக்களுக்குள் நீர்த்துளி போல ஜோடி ஜோடியாக இருந்தன. ஆரோக்கியமான நாயின் ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 37 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டும். மின்னிக்கு 15க்கும் கீழே போயிருந்தது. ஊசி போட்டால் மட்டும் போதாது, ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்.

ரத்தம் கொடுக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், தடுப்பூசி எல்லாம் போட்டிருக்க வேண்டும், பிலியரி வந்திருக்கவே கூடாது. மணிக்கு முன்பு பிலியரி வந்திருக்கிறது, வயதும் ஆகிவிட்டது. செல்லி எடை போதாது. கிளினிக்கில் அன்று ரத்தம் இருப்பு இல்லை. எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரரிடம் போயர்புல் என்ற வகைக் காவல் நாய் இருக்கிறது, கன்றுக்குட்டி அளவு. நள்ளிரவில் கதவைத் தட்டினோம். அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நாயை வண்டியில் ஏற்றினார். அந்தப் போயர்புல் மேசையில் படுத்து 450 மில்லி ரத்தம் கொடுத்துவிட்டு, பிஸ்கட் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனது. முதல் தடவை ரத்தம் ஏற்றும்போது நாய்கள் பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். விடியும்போது மின்னியின் ஈறில் லேசாக நிறம் திரும்பியிருந்தது. நான் அழுதேன்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிலியரிக்கு டிமினாசீன் ஊசி போடுகிறார்கள். மாட்டுக்கு வாங்கிய அதே மருந்தை வீட்டிலேயே நாய்க்கும் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மருந்தில் சரியான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, கூடினால் மூளையைப் பாதிக்கும். நாயை எடை போட்டு, கணக்குப் பார்த்து டாக்டர்தான் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சிக்கல் சாப்பாடு. கொஞ்சம் கொஞ்சமாக வேகவைத்த கோழி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். புரட்டாசி சனிக்கிழமை வேறு. எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அத்தையே வந்தார். "உயிர் போற பிள்ளைக்கு ஏது விரதம்? வெளிய அந்தச் சின்ன கேஸ் அடுப்புல வேக வை. சட்டிய மட்டும் உள்ள கொண்டு வராதே" என்றார். அந்த மாதம் முழுக்கப் பின்வாசலில், மாமரத்தடியில் மின்னிக்குத் தனிச் சமையல் நடந்தது. உப்பு கிடையாது, மசாலா கிடையாது, எலும்பு எடுத்தாகிவிடும். வெங்காயமும் பூண்டும் படவே கூடாது. அவை இரண்டுமே நாயின் சிவப்பணுவை உடைக்கக்கூடியவை. எந்த நாய்க்குமே சாம்பார் சோறு கூடாது என்பதற்கு இதுதான் காரணம், ரத்தம் குறைந்த நாய்க்குச் சொல்லவே வேண்டாம்.

உடம்பு தேறியதும் மணியோடும் செல்லியோடும் பழக்கினோம். முற்றத்தில் இல்லை, வெளியே தெருவில். முற்றம் அவர்களுடைய இடம், அங்கே புதுசு வந்தால் சண்டைதான். தெருவில் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்கவைத்து, நாளாக நாளாக இடைவெளியைக் குறைத்தோம். சாப்பாடு மட்டும் கடைசிவரை தனித்தனி அறையில்.

ரேபிஸ் ஊசியும் அந்தச் சமயத்தில்தான். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடையே ரேபிஸ் இருந்துகொண்டே இருக்கிறது. 1976இல் மொசாம்பிக் பக்கமிருந்து மறுபடி வந்தது, இன்னும் போகவில்லை. இங்கே நாய், பூனைகளுக்கு அந்த ஊசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதலாவது, அப்புறம் ஒரு வருடத்துக்குள் இன்னொன்று, பிறகும் தொடர்ந்து போட வேண்டும். பழகாத நாயைக் கையாளும் வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும்: கடித்தால், கீறினால், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை.

தீபாவளிதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. இங்கே தீபாவளியும் நவம்பர் 5ஆம் தேதி வெள்ளைக்காரர் வழக்கமான 'கை ஃபாக்ஸ்' வெடி இரவும் கிட்டத்தட்ட சேர்ந்தே வரும், வெடிச் சத்தம் பல நாள் நீளும். போதாததற்கு அது இடிமழைக் காலம். வெடிக்குப் பயந்து சுவர் தாண்டி ஓடிய நாய்களின் படங்கள் ஒவ்வொரு வருடமும் எல்லோருடைய போனிலும் சுற்றும். நான் முன்கூட்டியே பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனேன். எப்போது வெடிப்பீர்கள், எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். வெடிக்காதே என்று சொல்லவில்லை. ஒருத்தர்கூடக் கோபப்படவில்லை. இரண்டு வீட்டில் பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே மூன்றையும் நீண்ட நடை கூட்டிப்போய், சீக்கிரம் சாப்பாடு கொடுத்து, நடு அறையில் திரை போட்டு, வானொலியைச் சத்தமாக வைத்தோம். டாக்டர் முன்பே கொடுத்திருந்த பயம் குறைக்கும் மாத்திரையை முதல் வெடிக்கு முன்னால் கொடுத்தாகிவிட்டது. மாத்திரை விஷயத்தில் டாக்டரிடம் விளக்கமாகக் கேளுங்கள். உடம்பை மட்டும் அசையாமல் கிடத்திவிட்டு உள்ளே பயத்தை அப்படியே விட்டுவிடும் பழைய மருந்தும் இருக்கிறது, நாய்க்கு அது சித்திரவதை. மின்னி நடுங்கியது, ஆனால் தானாக வந்து மணியின் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. மணிக்கு இப்போது காது அவ்வளவாகக் கேட்பதில்லை, நிம்மதியாகத் தூங்கியது. அதைப் பார்த்து மின்னியும் கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்தது.

ரத்த அளவு சரியான பிறகு கருத்தடை ஆபரேஷன். கழுத்துக்குப் பின்னால் அடையாளத்துக்கு மைக்ரோசிப்பும் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் தத்துக் கொடுக்கப் பெயர் போட்டார்கள். முதலில் கேட்டு வந்தவர் காவலுக்கு வேண்டும், வெளியேதான் கட்டுவோம் என்றார். குழு மறுத்துவிட்டது. இன்னொரு குடும்பம் பொறுமையாக வந்து வந்து பார்த்தது. டோங்காட்டில் ஒரு வீடு, பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்ட கணவன் மனைவி. அந்த அம்மா வந்ததும் பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டாமல் காத்திருந்தார். எனக்கு அப்போதே மனது சரி என்றது. அந்த வீட்டையும் குழு போய்ப் பார்த்தது.

கொடுப்பது வலிக்கிறதா என்றால், வலிக்கிறது. ஆனால் மின்னியை நாங்களே வைத்துக்கொண்டால் பின்கட்டு அறை நிறைந்துவிடும், அடுத்து வரும் நாய்க்கு இடமிருக்காது. என் அம்மாவுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

டிசம்பர் தொடக்கத்தில் அது கிளம்பியது. வாசனை போகாமலிருக்கத் துவைக்காத போர்வை, பழகிய தீனி இரண்டு வாரத்துக்கு, ஊசி அட்டை, கூடவே நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு தாள். தினம் உண்ணி பார்க்க வேண்டும், வாரம் ஒருமுறை ஈறு பார்க்க வேண்டும், ரேபிஸ் இரண்டாவது ஊசியை எந்த மாதத்துக்குள் போட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அவர்கள் தோட்டத்திலும் மாமரம் இருப்பதால் மாங்கொட்டையைப் பற்றியும் எழுதினேன். நாய் அதை விழுங்கினால் குடல் அடைத்து ஆபரேஷன் வரை போகும், கீழே விழுந்ததைப் பொறுக்கிவிட வேண்டும். அந்த அம்மா போன வாரம் போன் செய்து, மின்னி அவர் கட்டிலடியில்தான் தூங்குகிறது, "வோசா" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன் என்றார்.

பின்கட்டு அறையை ஜிக் போட்டுக் கழுவி வெயிலில் திறந்து வைத்திருக்கிறோம். அடுத்த நாயை ஏப்ரலுக்குப் பிறகு அனுப்பச் சொல்லியிருக்கிறோம், இங்கே அப்போது குளிர் தொடங்கி உண்ணி கொஞ்சம் குறைந்திருக்கும், மணிக்கும் ஓய்வு கிடைக்கும். அதற்குள் செல்லிக்கு 25 கிலோ எட்டுமா என்று கணவர் வாராவாரம் எடை போடுகிறார். எட்டினால் ரத்தம் கொடுப்பவர் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் பேசிவிட்டோம்.