ஒன்றரைக் கண்ணனும் இருட்டறையும்

எனக்கு இடது கண் பேருக்குத்தான் இருக்கிறது. குருடு இல்லை. அந்தக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் பஸ் வருவது தெரியும், எந்த ஊர் பஸ் என்று தெரியாது. இரண்டையும் திறந்து வைத்தால், இடது கண் சொல்வதை மூளை காதிலேயே போட்டுக்கொள்ளாது.

சின்ன வயதில் மாறுகண். பள்ளிக்கூடத்தில் ‘ஒன்றரைக் கண்ணன்’ என்று பட்டப்பெயர். ஒன்பது வயதில் ஒரு டாக்டர் நல்ல கண்ணைப் பிளாஸ்திரி போட்டு மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கச் சொன்னார். அக்காதான் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவாள். பன்னிரண்டு நாள் பொறுத்தேன். பதின்மூன்றாம் நாள் பிளாஸ்திரியைப் பிய்த்து, எங்கள் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவில் எறிந்துவிட்டு வந்தேன். அதோடு வைத்தியம் முடிந்தது. இன்று வரை டபராவிலிருந்து டம்ளருக்குக் காபி ஆற்றச் சொன்னால் பாதி மேஜைக்குப் போகும். கிரிக்கெட்டில் ஒரு கேட்ச்கூடப் பிடித்ததில்லை. பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது அது நெஞ்சில் பட்ட பிறகுதான் தெரியும்.

இப்பேர்ப்பட்ட ஆளை, கண்ணை ஏமாற்றுவதற்கென்றே கட்டிவைத்த இடத்துக்குக் கூட்டிப் போனான் அக்கா பையன். எடின்பரோவில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தான். பட்டமளிப்பு விழாவுக்காக நானும் அக்காவும் ஜூலையில் போயிருந்தோம். ராயல் மைல் தெருவில் கோட்டையை நோக்கி ஏறினால், கிட்டத்தட்ட உச்சியில், வெள்ளைக் கூண்டு வைத்த ஒரு கோபுரம். கேமரா அப்ஸ்க்யூரா. ஆறு தளம், லிப்ட் கிடையாது. டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டான். அக்கா பெருக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யாரோடும் பேசவில்லை.

எனக்கு முதல் அடி அந்தக் காலத்து இரட்டைப் புகைப்படங்களிடம். ஒரே தெருவைச் சற்றே தள்ளித் தள்ளி இரண்டு படமாக எடுத்து, ஒரு கண்ணுக்கு ஒன்று என்று காட்டும் பெட்டி. இரண்டும் மூளைக்குள் ஒன்று சேரும்போது படம் ஆழம் பெற்று எழுந்து நிற்கும். 1838-இல் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தச் சூட்சுமத்தைக் கண்ணாடிகளை வைத்துச் செய்து காட்டினார். அதையே லென்ஸ் வைத்துக் கைக்கு அடக்கமாக்கியவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர். கலைடாஸ்கோப்பும் அவர் கைவேலைதான். பையன் படித்த அதே பல்கலைக்கழகத்துக்குப் பிற்காலத்தில் தலைவராகவும் இருந்திருக்கிறார்.

“கையை விட்டா தொடலாம் போல இருக்குடா!” என்றாள் அக்கா, பெட்டியிலிருந்து முகத்தை எடுக்காமலே.

நான் பார்த்தேன். கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படம் மாதிரி, தட்டையாக ஒரு கருப்பு வெள்ளைத் தெரு.

“தெரியுதா மாமா?”

“தெரியுது தெரியுது.” நாற்பத்தேழு வயதில் இன்னும் இந்தப் பொய்.

லேசர் ஒளியால் எடுக்கும் ஹோலோகிராம் படம் மட்டும் என்னைக் கைவிடவில்லை. தலையை இப்படியும் அப்படியும் அசைத்தால் முன்னால் இருப்பது வேகமாக நகரும், பின்னால் இருப்பது மெதுவாக நகரும். அந்த வித்தியாசத்தை அளக்க ஒரு கண் போதும். ஒற்றைக் கண்காரர்கள் தெருவைக் கடப்பதும் இப்படித்தான். ஒரு பச்சை முகத்தின் முன்னால் கோயில் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டே நின்றேன். பின்னால் வந்த ஒரு குழந்தை என்னையே வேடிக்கை பார்த்தது.

ஏம்ஸ் அறையில் ஆட்டம் என் பக்கம் திரும்பியது. வெளியிலிருந்து பார்த்தால் சதுரமான சாதாரண அறை. அதன் ஒரு மூலையில் பையன் நின்றான், உத்தரம் இடிக்கிற ராட்சசன். எதிர் மூலையில் அக்கா, கொலுவில் வைக்கிற செட்டியார் அம்மா அளவுக்கு. இருவரும் மூலை மாறிக்கொண்டதும் அக்கா வளர்ந்தாள், ஆறடிப் பையன் அவள் இடுப்புக்கு வந்தான். உண்மையில் அறை கோணல். ஒரு மூலை மற்றதைவிட வெகு தூரம் பின்னால் போகிறது, தரை சாய்கிறது, ஜன்னல்கள்கூடக் கோணலாக வெட்டியவை. குறிப்பிட்ட ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால் மட்டும் எல்லாம் நேர்க்கோட்டில் வந்து உட்காரும். வக்கீலுக்குப் படித்துவிட்டு ஓவியரான அடெல்பர்ட் ஏம்ஸ் என்ற அமெரிக்கரின் யோசனை இது. மாயம் முழுசாகப் பலிக்க மற்றவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணும் ஒத்துப் பேசினால் குட்டு உடையும். நான் எதையும் மூட வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு இடத்தில் நான்தான் கைதேர்ந்த பார்வையாளன்.

ஒரு உருவத்துக்குள் இன்னொரு உருவம் ஒளிந்திருக்கும் படங்களைப் பற்றிப் பையன் விளக்கத் தொடங்கியபோது அக்கா அவனை முடிக்கவிடவில்லை. “தாராசுரம் கோயில் சிற்பத்தைப் பாத்திருக்கியாடா நீ? ஒரே தலை. இந்தப் பக்க உடம்பைக் கையால மறைச்சா யானை, அந்தப் பக்கத்தை மறைச்சா காளை. எண்ணூறு வருஷமா இருக்கு, அதுக்கு டிக்கெட்டும் கிடையாது.” டிக்கெட் கணக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தது.

சுழல் குகையில்தான் அவள் அடங்கினாள். உருளை மாதிரியான குகை, சுவர் முழுக்க விளக்குப் புள்ளிகள், நடுவில் கைப்பிடி வைத்த சின்னப் பாலம். சுற்றுவது சுவர் மட்டும்தான். பாலம் அசையவே அசையாது. ஆனால் பார்வை முழுவதும் ஒரே பக்கமாகச் சுற்றும்போது, ‘நீதான் சாய்கிறாய்’ என்று கண் அடித்துச் சொல்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘இல்லை’ என்கிறது. சண்டையில் கண்தான் ஜெயிக்கிறது. இதற்கு ஒரு கண்ணே போதும் என்பதால் நானும் தப்பவில்லை.

“முருகா, பாலம் கவுறுதுடா!” இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“கண்ணை மூடிக்க. மூடினா நின்னுடும்.”

மூடினாள். கையைப் பிடித்து மெல்ல நடத்திக் கூட்டி வந்தேன். மறுமுனைக்கு வந்ததும் கண்ணைத் திறந்து, “பன்னெண்டு நாள் நான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன்ல, கழிஞ்சிடுச்சு” என்றாள். அந்தப் பிளாஸ்திரியை அவள் மறந்திருப்பாள் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில் இருக்கிறது கோபுரத்துக்குப் பெயர் கொடுத்த சங்கதி. கேமரா அப்ஸ்க்யூரா என்றால் லத்தீனில் இருட்டறை. அவ்வளவுதான். மரியா தெரேசா ஷார்ட் என்ற பெண்மணி 1835-இல் இதே ஊரின் கால்டன் குன்றில் பொதுமக்களுக்காக ஒரு காட்சிக்கூடம் நடத்தி, பிறகு அங்கிருந்து கிளப்பப்பட்டு, 1850-களின் தொடக்கத்தில் இந்தப் பழைய வீட்டின் மேல் தளம் எழுப்பிக் குடியேறினார். 1892-இல் அது பேட்ரிக் கெடிஸ் கைக்கு வந்தது. கெடிஸ் உயிரியல்காரர். இளம் வயதில் மெக்ஸிகோ போன இடத்தில் பார்வை மங்கி, வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தவர். கண் தேறினாலும் நுண்ணோக்கி வேலையை விட வேண்டியதாயிற்று. நகரங்களைப் பார்க்கத் தொடங்கினார். இருட்டறையில் அடைபட்டவரே பின்னால் இப்படி ஒரு இருட்டறையைக் கைக்கொண்டார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அவர் எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார். 1914-இல் அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. ஆமாம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன். நண்பர்கள் மறுபடி சேகரித்து அனுப்ப, 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் போய் அறிக்கை எழுதினார். பழைய சந்துகளை இடித்துத் தள்ளி நேர்த் தெரு போடாதே, கெட்ட இடத்தை மட்டும் அறுத்து எடு, மிச்சத்தைக் காப்பாற்று என்பது அவர் கட்சி. அவர் காபந்து பண்ணச் சொன்ன சந்து மாதிரி ஒன்றில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

இருபது பேர் போல வட்டமாக நின்றோம். கதவு மூடியது. நடுவில் சற்றே குழிந்த வெள்ளை மேஜை. கூரையில் ஒரு கண்ணாடி, அதன் கீழே லென்ஸ். வழிகாட்டிப் பெண் ஒரு தடியைத் திருப்ப, மேஜையில் ஊர் வந்து விழுந்தது. கோட்டை, தெரு, புகைபோக்கிகள், எல்லாம் வண்ணத்தில், சத்தமில்லாமல். ஒரு பஸ் ஊர்ந்தது. கொடி ஒன்று படபடத்தது. மேகம் மறைத்ததும் ஊரே மங்கியது, வெயில் வந்ததும் மறுபடி துலங்கியது. மின்சாரமும் இல்லை, ரெக்கார்டிங்கும் இல்லை. வெளியே அந்த நிமிஷம் நடந்துகொண்டிருந்ததுதான் மேஜையிலும் நடந்தது. மற்ற எல்லாத் தளத்திலும் இல்லாததை இருப்பதாகக் காட்டியவர்கள், இங்கே இருப்பதைத்தான் காட்டினார்கள். நான் அசந்துபோனதும் இங்கேதான். படம் தட்டை, எல்லோருக்கும். லென்ஸும் ஒற்றைக் கண்தானே.

ஆளுக்கொரு காகிதத் துண்டு தந்தார்கள். அதை மேஜைமேல் ஒட்டினாற்போல் வைத்துத் தூக்கினால், தெருவில் போகிற ஆள் காகிதத்தில் ஏறிக்கொண்டு மேலே வருகிறார். நான் ஒரு சிவப்புக் குடையைத் தூக்கினேன். அக்கா ஒரு கிழவரைத் தூக்கி, பாவம் என்று உடனே இறக்கிவிட்டாள்.

இறங்கும்போது படி பாடாய்ப் படுத்தியது. இருட்டுப் படிக்கட்டில் கடைசிப் படி எது என்பது எனக்கு எப்போதும் சந்தேகம். கேட்காமலே முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெருவுக்கு வந்து நாலு தப்படி போயிருப்போம். அக்கா நின்றாள். ஸ்வெட்டருக்குமேல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து வெள்ளைக் கூண்டைப் பார்த்தாள்.

“அடுத்த கூட்டம் ஏறியிருக்கும்ல?”

“ஏறியிருக்கும்மா” என்றான் பையன்.

“அப்ப கொஞ்சம் நில்லுங்கடா. யாராவது நம்மளைத் தூக்கறாங்களோ என்னவோ.”

மூன்று பேரும் நின்றோம், நடுத்தெருவில்.