மூன்று வாரம் அலைக்கழித்த ஒரே வரி: வீட்டு ஃபயர்வால், இரண்டாம் கட்டம்

இணையத்துக்கும் வீட்டுக் கணினிகளுக்கும் நடுவே காவலாக நான் வைத்திருக்கும் ஃபயர்வால் பெட்டியில் ஐபிவி6-ஐ (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு) இயக்கிய நாள் முதல் என்னை அலைக்கழித்துவந்த கோளாறு நேற்றிரவு பிடிபட்டது. இணையப் பக்கங்கள் திறந்தன, காணொளிகளும் தடையின்றி ஓடின. ஆனால் என் மனைவி புகைப்படங்களை ஏற்ற முனைந்தால் மட்டும் நீலப் பட்டை தொடக்கத்திலேயே நின்றுவிடும். கைப்பேசி டேட்டாவுக்கு மாறினால் அதே படங்கள் உடனே ஏறின. "உங்க பாதுகாப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், பழைய பெட்டியையே மாட்டுங்க" என்ற தீர்ப்பு இரண்டாம் வாரத்திலேயே வந்துவிட்டது.

பழைய பதிப்பான ஐபிவி4-இல் வீட்டுக் கணினிகள் அனைத்தும் ஒரே முகவரியின் பின்னால் நாட் (முகவரி மாற்றும் முறை) மறைவில் இருந்ததால் நான் இத்தனை காலம் சோம்பேறியாக இருக்க முடிந்தது. ஐபிவி6-இல் பிரிண்டருக்குக்கூட வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி கிடைத்துவிடுகிறது. அதனால் இன்புட் (பெட்டிக்கு வருபவை), ஃபார்வர்ட் (பெட்டியைக் கடந்து செல்பவை), அவுட்புட் (பெட்டியே அனுப்புபவை) ஆகிய மூன்று செயின்களுக்கும், அதாவது விதி வரிசைகளுக்கும், லினக்ஸின் ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸில் டிராப் பாலிசி (அனுமதிக்காத எதையும் கைவிடு) வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிழைகளையும் நிலவரத்தையும் தெரிவிக்கும் செய்தி முறையான ஐசிஎம்பிவி6-இல் அண்டைக் கணினிகளைக் கண்டறியும் 133 முதல் 136 வரையிலான வகைகளை மட்டும் அனுமதித்து, மற்றவை அனைத்தையும் தடுக்கும் ஒரு வரியை எழுதி, அதை மூன்று செயின்களிலும் ஏற்கெனவே நடக்கும் தொடர்புகளையும் அவற்றைச் சார்ந்த செய்திகளையும் அனுமதிக்கும் 'எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட்' வரிக்கு மேலே பெருமையுடன் ஒட்டினேன்.

என் ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தோடு இணையும் ஒரு முறை) வழியாக வருவதால் வெளிப்பக்க எம்டியு (ஒரு பாக்கெட்டின், அதாவது தரவுத் துண்டின், உச்ச அளவு) 1492 பைட்டுகள், உள்ளே 1500. ஐபிவி6-இல் ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டாக்கி அனுப்பாது. 'இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு' என்று ஐசிஎம்பிவி6-இன் வகை 2 செய்தியை அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அச்செய்தியை உருவாக்குவதும் என் பெட்டி, அவுட்புட் செயினில் அதைக் கொன்றதும் என் பெட்டி! கணினியோ பதில் வராததால் அதே பெரிய பாக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தைத் திறப்பதற்கு நாம் அனுப்புபவை சிறிய பாக்கெட்டுகள் என்பதால் அங்கே எதுவும் தெரியவில்லை.

இதைக் காட்டிக்கொடுத்தது, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைதான். சோதனைக்காக பிங் பயன்படுத்தும் 128, 129 ஆகிய வகைகளைத் திறந்துவிட்டு அளவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்: 1444 பைட்டுகளுக்குப் பதில் வந்தது, 1445-க்கு மயான அமைதி. பாக்கெட் தலைப்புகளின் (ஹெடர்) 48 பைட்டுகளையும் கூட்டினால் மிகச்சரியாக 1492! அதன்பின் லேன் (வீட்டு நெட்வொர்க்) பக்கம், கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பை ஓட்டியபோது ஒரே 1500 பைட் பாக்கெட் இடைவெளி விட்டுவிட்டு வந்து முட்டிக்கொண்டிருந்தது கண்ணெதிரே தெரிந்தது. தடுப்பு வரியை 'ரிலேட்டட்' வரிக்குக் கீழே இறக்கினேன், படம் ஏறியது. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், டிராப் வந்தால் அத்துடன் முடிந்தது என்பதை நானே பிறருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன் என்பதுதான் வெட்கக்கேடு. கூடுதல் காப்பாக ஃபார்வர்ட் செயினில் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் நீங்கலாகச் செல்லும் தரவின் உச்சம்) எம்டியுவுக்கேற்பக் குறைக்கும் விதியையும் சேர்த்துள்ளேன். ஐபிவி6-க்கு இப்போது 1432 என்று போகிறது.

பெட்டி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய தின் கிளையன்ட்தான் (அலுவலகங்களில் பயன்படும் சிறிய கணினி). இரண்டு லேன் போர்ட்டுகளும் ஒரே சிப் என்று சொல்லித்தான் விற்றார்கள். திறந்து பார்த்தால் ஒன்று வேறு. வேலை செய்கிறது என்பதால் சண்டைக்குப் போகவில்லை.

தொலைக்காட்சியையும் வாசல் கேமராவையும் தனி விலேனுக்கு (பிரித்துவைத்த உள் நெட்வொர்க்) மாற்ற மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றைத் தேடத் தொடங்கிவிட்டேன். ஆனால் கைப்பேசி டேட்டாவிலிருந்து திறந்திருக்கும் வழிகளைத் தேடும் என்மேப் கருவியைக் கொண்டு வீட்டுக் கணினிகளின் ஐபிவி6 முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் வேலை பாதியில் நிற்கிறது. பிரிண்டர் வரைதான் வந்திருக்கிறேன்.